குடியை நிறுத்தி நான்கு மாதம், மறதி மட்டும் போகவில்லை: மூளைப் பயிற்சி உதவுமா?

பதிவு 1 | தையல்கடை செல்வி

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கணவருக்கு 43 வயது. தையல்காரர். பதினேழு ஆண்டுகள் குடித்தார், கடைசி ஆறு ஆண்டுகள் காலையிலேயே தொடங்கிவிடுவார். மதுமீட்பு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வீடு திரும்பி இன்றோடு நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகின்றன. ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வேன்.

ஆனால் தலை இன்னும் தெளியவில்லை. டேப்பை வைத்து மார்பு அளவு 38 என்று வாயால் சொல்கிறார். நோட்டை எடுத்து எழுதுவதற்குள் அது 36 ஆகிவிடுகிறது. காஜா எடுக்க எடுத்த சட்டையை எங்கே வைத்தோம் என்று தேடுகிறார், அது அவர் தோளிலேயே கிடக்கிறது. போன வாரம் பள்ளிச் சீருடைத் துணி மூன்று வீணாயின. கேட்டால் கோபம் வருகிறது, கொஞ்ச நேரம் கழித்து அழுகை. "இவன் மறைவாகக் குடிக்கிறான், இல்லையென்றால் ஏன் இப்படித் தடுமாறுகிறான்" என்று மாமியார் சொல்கிறார். எனக்கும் ஒருநாள் சந்தேகம் வந்து, கழற்றிப் போட்டிருந்த சட்டையை முகர்ந்து பார்த்தேன். அதை அவர் பார்த்துவிட்டார். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

அக்காள் மகன் கைபேசியில் மூளைப் பயிற்சி விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். ஒரு வாரம் இலவசம், பிறகு ஆண்டுக் கட்டணம் கேட்கிறது. கட்டலாமா? இதனால் மறதி போகுமா, குடிக்கும் எண்ணம் குறையுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதிவு 2 | ஒன்பதாண்டு நிதானம்

தங்கையே, முதலில் ஒன்று. அவர் பொய் சொல்லவில்லை. நான்காம் மாதத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். பஸ் நடத்துநர் நான். 17 ரூபாய் டிக்கெட்டுக்கு 50 ரூபாய் நீட்டினால் மீதி எவ்வளவு என்று கணக்குப் போடுவதற்குள் அடுத்தவர் கை நீட்டுவார், முதல் கணக்கு கரைந்துவிடும். குடித்துக்கொண்டிருந்த காலத்தில்கூட இவ்வளவு மோசமில்லையே என்று பயந்தேன். "அப்போதாவது கணக்கு வந்தது, ஒரு குவார்ட்டர் போட்டால் சரியாகிவிடும்" என்று மனம் சொல்லத் தொடங்கிய இடம் அதுதான். மறதி தனியாக ஆளைக் கொல்வதில்லை. அது தரும் அவமானம்தான் கடைக்கு அழைத்துப் போகிறது.

சட்டையை முகர்ந்ததற்காக அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். விளையாட்டுச் செயலியைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


பதிவு 3 | மருதன் உளவியல்

செல்வி அம்மா, நான் அரசு மருத்துவமனை ஒன்றில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். உங்கள் பதிவில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்த 38, 36 கணக்கு. நீங்கள் அறியாமலே நோயை மிகச் சரியாக விவரித்திருக்கிறீர்கள்.

உங்கள் கடையில் துணி வெட்டும் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். துணி, கத்திரி, டேப், சாக் எல்லாம் ஒரே நேரத்தில் அதன்மேல் இருந்தால்தான் வேலை நடக்கும். மனதிலும் அப்படி ஒரு மேசை இருக்கிறது. நாங்கள் அதைச் செயல்நினைவு என்கிறோம். அளவைக் கேட்டு, பிடித்து வைத்து, நோட்டைத் தேடி, எழுதும்வரை அந்த எண் இருக்க வேண்டிய இடம் அது. நெடுநாள் குடி அந்த மேசையைச் சுருக்கிவிடுகிறது. நோட்டை எடுத்து வைத்தவுடன் 38 கீழே விழுந்துவிடுகிறது. மூளையின் முன்மடலும் அதோடு இணைந்த பகுதிகளும் அடிபடுவதால், கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, வந்த எண்ணத்தை அடக்குவது, நாளைய பலனுக்காக இன்றைய ஆசையைத் தள்ளிவைப்பது எல்லாமே தளர்கின்றன. குடிக்காமல் இருக்க எந்தத் திறன்கள் வேண்டுமோ, அவற்றையே குடி முதலில் எடுத்துக்கொள்கிறது. இந்த நோயின் கொடுமை அதுதான்.

நல்ல செய்தி, பெரும்பாலானோருக்கு இது திரும்பி வரும். முதல் சில வாரங்களில் கொஞ்சம் வேகமாக, பிறகு மாதக்கணக்கில் மெதுவாக. சிலவற்றுக்கு ஓர் ஆண்டுகூட ஆகலாம். நான்கு மாதத்தில் தலை முழுவதும் தெளியவில்லை என்றால், அவர் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்று பொருளில்லை. உங்கள் மாமியாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

மையங்களில் நடப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தெளியாத தலையோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றரை மணி நேரம் விரிவுரை நடத்துகிறோம், பிறகு "சொன்னது எதுவும் மண்டையில் ஏறவில்லை, இவருக்கு மாற வேண்டும் என்ற எண்ணமே இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம். நியூயார்க்கில் கோகெயின் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களைப் பார்த்து 2006இல் வெளிவந்த ஆய்வில், இடையில் விட்டுப்போனவர்களின் கவனமும் நினைவும் கடைசிவரை நின்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. விருப்பமில்லை என்று நாம் எழுதுவது பலநேரம் மேசை சுருங்கிய கதைதான்.

செயலிக்குப் பணம் கட்டும்முன் மூன்று கேள்விகள். அவர் குடித்த காலத்திலோ பிறகோ கீழே விழுந்து தலையில் அடிபட்டதுண்டா? இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறார், தூக்க மாத்திரை இன்னும் தொடர்கிறதா? சரியாகச் சாப்பிடுகிறாரா, வைட்டமின் பி1 கொடுத்தார்களா? இவற்றைப் பார்க்காமல் பயிற்சி தொடங்குவது, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்காமல் தையல் மெஷினைக் கழற்றுவதைப் போன்றது.


பதிவு 4 | கணக்கு வாத்தியார்

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். என் தம்பியை 39 வயதில் குடிக்குக் கொடுத்தவன். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்வி, பணம் கட்டாதீர்கள். மூளை விளையாட்டுகளில் பெரும்புகழ் பெற்ற லுமோசிட்டி நிறுவனம், தன் விளையாட்டுகள் வேலையிலும் படிப்பிலும் திறனைக் கூட்டும், முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்றெல்லாம் விளம்பரம் செய்தது. அதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்து, 2016 ஜனவரியில் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. நாற்பதாண்டு வகுப்பறையில் நான் கண்டதும் இதுதான். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையனுக்கு வாய்ப்பாடு வரும், வாழ்க்கைக் கணக்கு தானாக வந்துவிடாது. கட்டங்களை நினைவு வைத்து விளையாடினால் கட்ட விளையாட்டில் தேர்ச்சி வரும். அதைக் கொண்டுபோய் டாஸ்மாக் வாசலில் என்ன செய்வது?

2019இல் வெளிவந்த எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி இந்த நாட்டில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள். குடிக்கு அடிமையானவர்களில் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்தது 38 பேரில் ஒருவருக்குத்தான். அடிப்படைச் சிகிச்சையே கிடைக்காத ஊரில் விளையாட்டு வியாபாரம் நடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.


பதிவு 5 | யாழ்நிலா

ஐயா, உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடாதீர்கள். நான் மெல்போர்னில் தாதியாக வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கணினியில் படங்கள் வரும். மதுப்படம் வந்தால் ஜாய்ஸ்டிக்கைத் தள்ள வேண்டும், படம் சிறிதாகி விலகும். தண்ணீர், பழச்சாறு வந்தால் இழுக்க வேண்டும், படம் பெரிதாகி அருகில் வரும். கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். நெடுநாள் குடித்தவரின் கை, மனம் யோசிக்கும் முன்பே போத்தலை நோக்கி நீள்கிறது. அந்த நீளலைத் திருப்பிப் பழக்குவதுதான் நோக்கம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ரெய்னவுட் வியர்ஸும் அவருடைய குழுவினரும் ஜெர்மனியில் வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்ற 214 பேரிடம் இதைச் செய்து 2011இல் வெளியிட்டார்கள். நான்கு நாள், ஒவ்வொரு நாளும் கால் மணித்தியாலம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பயிற்சி பெறாதவர்களிலும், ஒப்பிடுவதற்காகப் போலிப் பயிற்சி பெற்றவர்களிலும் 59 சதவீதம் பேர் மீண்டும் குடித்திருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 46 சதவீதம். மெல்போர்னில் விக்டோரியா மானிங் தலைமையில் 300 பேரிடம், குடியை நிறுத்த வைத்தியசாலையில் சேர்ந்த அந்த முதல் நாட்களிலேயே இதே மாதிரிப் பயிற்சி கொடுத்தார்கள். வீடு திரும்பி இரண்டு வாரத்தில் பயிற்சி பெற்றவர்களில் 54.4 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள், மற்றவர்களில் 42.5 சதவீதம். 2021இல் வந்த ஆய்வு.

இரண்டு வாரம் சிறிய காலம்தான். ஆனால் வைத்தியசாலையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று வார்டில் நிற்பவர்களுக்குத் தெரியும்.


பதிவு 6 | கணக்கு வாத்தியார்

தங்கள் எண்களை மதிக்கிறேன் மகளே. 59க்கும் 46க்கும் உள்ள இடைவெளி சிறிதில்லை, என் தம்பி அந்த 13 பேரில் ஒருவனாக இருந்திருக்கலாம். ஆனால் இது அந்தக் கைபேசி விளையாட்டுக்கும் பொருந்துமா என்பதே என் கேள்வி. மருதன் விடை சொல்லட்டும்.


பதிவு 7 | மருதன் உளவியல்

பொருந்தாது ஐயா. இரண்டும் வேறு.

யாழ்நிலா சொன்னது கையின் பழக்கத்தைத் திருப்புகிற பயிற்சி. அதுவும் குடியை விடுவதென்று முடிவெடுத்து உள்ளே தங்கி, ஆலோசனையும் மருந்தும் பெறுகிறவர்களுக்கு அவற்றோடு சேர்த்துக் கொடுத்தபோதுதான் தெளிவாகப் பலன் தந்தது. இன்னும் குடித்துக்கொண்டே இணையவழியில் செய்தவர்களைப் பார்த்தால், உண்மைப் பயிற்சி பெற்றவர்களுக்கும் போலிப் பயிற்சி பெற்றவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

செல்வி அம்மாவின் கைபேசியில் இருப்பது மேசையை அகலப்படுத்துவதாகச் சொல்லும் வகை. அதன் கதை ஏறி இறங்கியது. 2011இல் அமெரிக்காவில் வாரன் பிக்கல் குழுவினர் கோகெயின் போன்ற ஊக்கப் போதைப்பொருள் பழக்கமுள்ள 27 பேரிடம் செயல்நினைவுப் பயிற்சி செய்து பார்த்தார்கள். இன்று கிடைக்கும் சிறு தொகையை விட்டு நாளை வரும் பெருந்தொகைக்குக் காத்திருக்கும் பொறுமை கூடியது. எல்லோரும் மகிழ்ந்தோம். பிறகு நெதர்லாந்தில் இதைவிடப் பெரிய குழுவிடம் செய்தார்கள். நினைவுப் பயிற்சியில் முன்னேற்றம் வந்தது, போதைப் பயன்பாடு அதனால் குறையவில்லை. வாத்தியார் ஐயா வகுப்பறையில் கண்டதேதான்.

ஆகவே என் கருத்து: மூளைப் பயிற்சியைக் குடிக்கான மருந்தாக எண்ணிக் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் தலை தெளியப் பயிற்சி வேண்டும். அது அவருடைய வேலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் மறுபயிற்சிகளில் ஒன்று தானியம் பிரிப்பது. கலந்து கொட்டிய பயறு வகைகளைத் தனித்தனியாகப் பிரித்து, எவ்வளவு நேரம், எத்தனை பிழை என்று குறிப்பது. தாளில் குறிப்பிட்ட எழுத்தை மட்டும் அடித்துக்கொண்டே போவது இன்னொன்று. குடிநோயாளிகளுக்கான இத்தகைய மறுவாழ்வைப் பற்றி அங்கிருந்து 1998லேயே ஒரு முதற்கட்ட அறிக்கை இந்திய மனநல இதழில் வந்திருக்கிறது. நம் வீட்டுச் சுளகில் இருக்கிற பயிற்சியைத்தான் ஆண்டுக் கட்டணத்துக்கு விற்கிறார்கள்.


பதிவு 8 | பொன்னி

நான் எழுதுவதை எல்லோரும் வாசிக்க வேண்டும், குறிப்பாகச் செல்வி.

என் வீட்டுக்காரர் ஒரு வாரம் சோறே தொடாமல் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தால் கால் நிலைகொள்ளவில்லை, கண் ஆடியது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினார். போதை என்று நினைத்தோம். பக்கத்தில் உள்ள கிளினிக்கில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். எங்கள் ஊரில் குடித்து விழுந்தவனுக்கு எல்லோரும் கேட்பதும் அதுதான், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டால் தெம்பு வந்துவிடும்" என்று. அவர் மோசமானார். பெரிய மருத்துவமனைக்குப் போன பிறகுதான் சொன்னார்கள், உடலில் வைட்டமின் பி1 தீர்ந்துபோயிருந்தது, அதை ஊசியில் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் எரிந்துவிடும் என்று. உயிர் பிழைத்தது. நினைவு திரும்பவில்லை.

மகளுக்குத் திருமணம் ஆகிவிட்டது. தினமும் காலையில் அவளைப் பள்ளிக்கு அனுப்பியாயிற்றா என்று கேட்கிறார். எங்கேயும் போகாதவர், "இப்போதுதான் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன், பூசாரி உன்னைக் கேட்டார்" என்கிறார். தொடக்கத்தில் பொய் சொல்கிறார் என்று சண்டை போட்டேன். நினைவில்லாத இடத்தை மனமே இட்டுக்கட்டி நிரப்பிக்கொள்கிறது, அவருக்கு அது உண்மை என்று மருத்துவர் விளக்கிய அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

கண் ஆட்டம், கால் தள்ளாட்டம், குழப்பம். இவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் பி1 ஊசி என்று வாய் திறந்து கேளுங்கள்.


பதிவு 9 | மருதன் உளவியல்

பொன்னி அம்மா, இதை எழுதியதற்கு நன்றி. பி1 குறைவால் வரும் இந்த நோயின் முதல் நிலையை 1881இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்தார். நினைவு அழியும் அடுத்த நிலையை 1887இல் ரஷ்யாவின் செர்கேய் கோர்சகோவ். நூற்று நாற்பது ஆண்டுப் பழைய அறிவு இன்னும் கிளினிக் வரை வந்து சேரவில்லை.

உங்கள் வீட்டுக்காரருக்குப் புதிதாக எதையாவது கற்றுக்கொடுக்கும்போது "யோசித்துச் சொல்லுங்கள்" என்று ஊகிக்க விடாதீர்கள். பாத்திரம் எந்த அலமாரியில் என்று கேட்டு, அவர் தவறாகச் சொல்லி, பிறகு நீங்கள் திருத்தினால், அவர் மனதில் தங்குவது பெரும்பாலும் அந்தத் தவறான விடைதான். உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994இல் காட்டியது இது. விடையை நீங்களே முதலில் சொல்லுங்கள், உடனே அவரைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்து, ஐந்து நிமிடம் கழித்து, மாலையில் மறுபடியும்.


பதிவு 10 | பொன்னி

நான் நான்கு ஆண்டாகச் செய்தது நேர்மாறு. இன்றிலிருந்து மாற்றுகிறேன்.


பதிவு 11 | தையல்கடை செல்வி

பொன்னி அக்கா பதிவைப் படித்த மறுநாளே அவரை அழைத்துக்கொண்டு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனேன். கண்ணும் நடையும் சரியாக இருக்கின்றன என்றார்கள். தலையில் ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக் கசிவு இல்லை. போன தீபாவளிக்கு மாடிப்படியில் விழுந்ததை அப்போதுதான் நானே சொன்னேன், அதுவரை எனக்கு அது ஒரு சேதியாகவே படவில்லை. பி1 மாத்திரை எழுதினார்கள். மையத்தில் கொடுத்த தூக்க மாத்திரையை இவர் இரவில் இரண்டு, மறந்துபோய் மூன்றுகூடப் போட்டிருக்கிறார். அதைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள், தானாக நிறுத்தக் கூடாது என்று எச்சரித்தார்கள்.

பத்து நிமிடச் சோதனை ஒன்று வைத்தார்கள். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பது, கடிகாரம் வரைவது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது. 30க்கு 20 வந்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "பத்து மதிப்பெண்ணைக் குடித்துவிட்டேன்" என்றார்.

சட்டையை முகர்ந்ததற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன்.


பதிவு 12 | மருதன் உளவியல்

அந்த 20ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சோதனையில் 26க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் எட்டாம் வகுப்போடு நின்றவருக்கும் பட்டதாரிக்கும் அதே கோட்டைப் பிடிப்பது நியாயமில்லை. தூக்க மாத்திரை வேறு உள்ளே இருந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கும்போது இதோடு ஒப்பிடலாம், அதற்குத்தான் இந்த எண்.

வீட்டில் செய்ய வேண்டியது. காலை வேலை தொடங்கும் முன் இருபது நிமிடம் பயறு பிரிக்கட்டும். பச்சைப்பயறு, உளுந்து இரண்டோடு தொடங்குங்கள். பிழை குறைந்தால் மூன்றாவதைச் சேருங்கள். அரைமணிக்கு மேல் வேண்டாம், களைத்த தலையில் பயிற்சி ஏறாது. கடையில் ஒரே ஒரு மாற்றம். டேப் வைக்கும்போதே நோட்டும் பென்சிலும் கையில் இருக்க வேண்டும். அளவை உரக்கச் சொல்ல வேண்டும், எழுத வேண்டும், எழுதியதை வாடிக்கையாளரிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.

கத்திரியை வைக்கும் முன் "நில்" என்று தனக்குத்தானே சொல்லப் பழக வேண்டும். இது விளையாட்டாகச் சொல்வதில்லை. இலக்குப் பயிற்சி என்று ஒரு முறை இருக்கிறது. கை தன் போக்கில் ஓடும்போது நிறுத்தி, "நான் இப்போது என்ன செய்ய வந்தேன்" என்று கேட்கவைப்பதே அதன் உயிர். ஸ்பெயினின் கிரனாடாவில் இதை மனக்குவிப்புப் பயிற்சியோடு சேர்த்து மதுவும் பிற போதையும் பழகியவர்களுக்குக் கொடுத்து 2011இல் வெளியிட்டார்கள். செயல்நினைவு, வந்த எண்ணத்தை அடக்கும் திறன், முடிவெடுத்தல் மூன்றும் மேம்பட்டன. அவருக்கு அதன் இன்னொரு பயன் புரியும். துணியின் முன் நிற்கப் பழகிய மனம், மதுக்கடையின் முன்னும் ஒரு கணம் நிற்கக்கூடும். நிற்கும் என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் அந்த ஒரு கணம் கிடைத்துத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.


பதிவு 13 | கொங்கு இளங்கோ

மன்னிக்கவும், எனக்கு இது உறுத்துகிறது. என் அப்பாவும் மீண்டு வந்தவர். மையத்தில் ஒரு சகோதரி அவர் முன் பயறைக் கொட்டிப் பிரிக்கச் சொன்னபோது எழுந்து போய்விட்டார். "என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்களா, சின்னப் பிள்ளையா நான்" என்று அன்று முழுவதும் சாப்பிடவில்லை. குடியால் மரியாதையை எல்லாம் இழந்து வந்த மனிதரிடம் சுளகைக் கொடுத்து உட்காரவைப்பது, மிச்சமிருக்கும் மரியாதையையும் எடுப்பதாக ஆகாதா? அது நல்ல பயிற்சியாகவே இருக்கட்டும். கொடுக்கும் விதம்?


பதிவு 14 | ஒன்பதாண்டு நிதானம்

இளங்கோ தம்பி கேட்டது சரியான கேள்வி. நான் பழைய தொழில்முறைக்கே போனேன். மீதிச் சில்லறையை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார்களே, அதைப் பெரிய நோட்டுக்கு மட்டும்தான் முன்பு செய்வேன். நிறுத்திய முதல் ஆண்டு எல்லா டிக்கெட்டிலும் எழுதினேன். யாரும் என்னை நோயாளியாகப் பார்க்கவில்லை, ஒழுங்கான நடத்துநராகப் பார்த்தார்கள். இரவில் வீட்டில், ஏறிய நிறுத்தங்களை வரிசையாக, பிறகு தலைகீழ் வரிசையில் சொல்லிப் பார்ப்பேன். என் மகள் கேட்பாள்.

இன்னொன்றும் செய்தேன். "இப்படி வந்தால் இப்படி" என்று ஏழெட்டு வரி எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பழைய கூட்டாளி டிப்போ வாசலில் நின்றால், வண்டியிலிருந்து இறங்காமல் ஓட்டுநரோடு தேநீர்க் கடைக்குப் போவேன். சம்பள நாளில் மனைவி டிப்போவுக்கு வருவாள். அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்கும் தலை எனக்கு இல்லை. அதனால் தெளிவாக இருந்த காலை நேரத்திலேயே யோசித்து எழுதிவைத்தேன்.


பதிவு 15 | மருதன் உளவியல்

இளங்கோ, உங்கள் அப்பா எழுந்து போனதில் தவறு இல்லை. ஏன் செய்கிறோம் என்று சொல்லாமல் கொட்டிவிட்டோம். நானும் அதைச் செய்திருக்கிறேன். செல்வி அம்மா, பயறை விட்டுவிடுங்கள். தையல் கடையில் பிரிப்பதற்கு வேறு ஏதாவது இருக்குமே?


பதிவு 16 | தையல்கடை செல்வி

பட்டன்! இருபது ஆண்டாகப் போட்டு வைத்த பெரிய டப்பா ஒன்று இருக்கிறது. வெள்ளையிலேயே ஐந்து வெள்ளை. இரண்டு துளை, நான்கு துளை, சட்டைப் பட்டன், கைப்பட்டன், பழைய பித்தளைப் பட்டன் எல்லாம் கலந்து கிடக்கின்றன. பிரித்து வைக்க வேண்டும் என்று அவரே ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.


பதிவு 17 | கணக்கு வாத்தியார்

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. மனம் நிறைந்திருக்கிறது. ஒரு யோசனை சொல்லலாமா? காலையில் இருபது நிமிடம் என்றார் மருதன். அவர் முன்பு மதுக்கடைக்குக் கிளம்பும் நேரம் எது? மாலை ஆறு என்றால் அந்த ஆறு மணிக்கே இரண்டாவது முறை டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள். கையும் கண்ணும் அங்கே இருக்கட்டும். நேரத்தையும் பிழையையும் கோடுபோட்ட தாளில் குறித்தால் வரைபடம் நான் போட்டுத் தருகிறேன்.

செயலிக்கு என்று எடுத்து வைத்த பணம் இருந்தால் முட்டை வாங்குங்கள்.


பதிவு 18 | யாழ்நிலா

செல்வி அக்கா, வாசித்துவிட்டு எழுதாமல் போகிறவர்களுக்காகவும் இதை இங்கே போடுகிறேன், ஊரில் இருக்கும் தோழி சொன்னது: போதை தொடர்பான உதவிக்கு இந்தியாவில் 14446, மன உளைச்சலுக்கு 14416. இரண்டும் கட்டணமில்லாத எண்கள். தினமும் நிறையக் குடிப்பவர் யாராவது இதைப் படித்து இன்றே திடீரென்று நிறுத்த நினைத்தால், தனியாகச் செய்யாதீர்கள். வலிப்பும் பிதற்றலும் வரலாம். வைத்தியரைப் பார்த்து நிறுத்துங்கள்.


பதிவு 19 | தையல்கடை செல்வி

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டிருந்த எல்லோருக்கும் நன்றி.

நடுவில் ஒரு மோசமான வாரம் போனது. பங்குனிப் பொங்கலுக்கு உறவினர் வீட்டில் பாட்டிலைத் திறந்தார்கள். இவர் எழுந்து வெளியே வந்துவிட்டார், ஆனால் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை, டப்பாவையும் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. நான்காம் நாள் மாலை ஆறு மணிக்கு என் மாமியார் டப்பாவைத் திறந்து தரையில் கொட்டிவிட்டு, "எனக்குக் கண் தெரியவில்லை, நீ பிரி" என்று முன்னால் உட்கார்ந்துகொண்டார். முன்பு இவனை நம்பாதே என்றவர் அவர்தான்.

தொடக்கத்தில் நூறு பட்டனுக்கு இருபத்திரண்டு நிமிடம், பதினோரு பிழை. நேற்று பதினான்கு நிமிடம், இரண்டு பிழை. வாத்தியார் ஐயா அனுப்பிய வரைபடத்தை அளவு நோட்டின் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார். மறதி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சாவி இன்னும் தொலைகிறது. திருமண வீட்டுக்கு மொய் எழுதிவிட்டு வந்தாரா என்று மறந்து இரண்டாம் முறை எழுதப் போனார்.

ஆனால் செவ்வாய்க்கிழமை ஒரு பேண்ட் துணியை விரித்து, சாக்கால் கோடு போட்டு, கத்திரியை எடுத்தவர் அப்படியே நின்றார். நோட்டைத் திருப்பிப் பார்த்தார். இடுப்பு 34, சீட் (பின்புறச் சுற்றளவு) 34 என்று எழுதியிருந்தது. "இப்படி உடம்பு கிடையாது" என்று சொல்லிக் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு வாடிக்கையாளருக்குத் தொலைபேசி செய்து, மறுபடி அளவெடுக்க வரச் சொன்னார். சீட் 39. நான் ஓவர்லாக் மெஷினில் இருந்தேன், திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மருதன் சார், ஒரு கேள்வி. இப்போது பட்டன் மிகவும் எளிதாகிவிட்டது என்கிறார். அடுத்து என்ன?


பதிவு 20 | மருதன் உளவியல்

வானொலியை மெல்லிய ஒலியில் போட்டுவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். கடையில் பேச்சுச் சத்தத்துக்கு நடுவில்தானே அளவெடுக்கிறார். நேரம் மறுபடி கூடும், முதல் வாரம் இருபது நிமிடம்கூட ஆகலாம். வரைபடம் மேலே ஏறுகிறதே என்று அவர் பயப்படாமல் இருக்க, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.


பதிவு 21 | தையல்கடை செல்வி

சொல்லிவிட்டேன். பரணில் இரண்டாவது டப்பா இருக்கிறதாம், அதை இறக்கச் சொல்கிறார்.